ஓசியில் ஒரு மாநாடு: குடும்பக் குழு அழைப்புச் சேவையைத் தேர்ந்தெடுக்கும் இயல்

குடும்பக் குழு அழைப்பு என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உறவினர்கள், பெரும்பாலும் இரண்டு நாடுகளிலாவது இருந்துகொண்டு, ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் “கேக்குதா?” என்று கேட்டுக்கொள்ளும் நிகழ்வு. இருவர் பேசினால் அது போன். மூவர் பேசினால் கான்ஃபரன்ஸ். மூன்றாமவர் லைனில் இருப்பது மற்ற இருவரில் ஒருவருக்குத் தெரியாவிட்டால் அது வேறு வகை. பல சம்பந்திச் சண்டைகளுக்கு மூலம் அதுவே என்றாலும் இந்த ஆய்வின் எல்லைக்குள் அது வராது.

இத்தகைய அழைப்பு காரணமின்றி நிகழ்வதில்லை. ஊர் வீட்டை விற்பதா வாடகைக்கு விடுவதா, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைக் கோயிலில் வைப்பதா மண்டபத்தில் வைப்பதா, அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கு யார் லீவு போடுவது என்பன போன்றவற்றைத் தீர்க்கவே கூட்டம் கூட்டப்படுகிறது. ஆனால் எதைப் பேசுவது என்பதற்கு முன் எதில் பேசுவது என்று முடிவாக வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் இந்த முன்கேள்வி மூலக்கேள்வியைவிடச் சிக்கலானது. வீடு ஒன்றுதான், செயலிகளோ பல. போதாக்குறைக்கு எல்லாமே இலவசம். காசு கொடுத்து வாங்குவதென்றால் விலையை வைத்தாவது ஒன்றைக் கழித்துக்கட்டலாம்.

சொல்லும் பொருளும்

‘இலவசம்’ என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. கொடுப்பவர் பக்கம் நின்று சொன்னால் இலவசம். வாங்குபவரைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் ஓசி. இந்த இரண்டாம் சொல்லின் பிறப்பு குறித்து ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் தபால்களில் ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்பதன் முதலெழுத்துகளைக் குத்தி அனுப்புவார்களாம்; அவற்றுக்குத் தபால் கட்டணம் கிடையாதாம்; அந்த ஓ.சி.எஸ். தேய்ந்து ஓசி ஆனதாம். சொற்பிறப்பியலார் இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கதைக்குள் கணக்கியல் சரியாக இருக்கிறது. அந்தத் தபாலைச் சுமந்து ஓடிய ஆளுக்குக் கூலி உண்டு. அதைக் கம்பெனி கட்டியது. ஓசி என்றால் செலவு இன்னொருவர் கணக்கில் ஏறுகிறது என்று அர்த்தம். ஆகவே இலவச அழைப்புச் சேவை எதை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது எந்தக் கம்பெனியின் கணக்கு என்பது.

வரலாறு

குழு அழைப்பு, கொரோனா காலத்தில் பிறந்த பிள்ளை என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் தொலைபேசித் தடம் 1915 ஜனவரி 25 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டபோது, நியூயார்க்கில் அலெக்சாண்டர் கிரகாம் பெல், சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய பழைய உதவியாளர் தாமஸ் வாட்சன், வாஷிங்டனில் அதிபர் உட்ரோ வில்சன், ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவில் ஏடி அண்ட் டி நிறுவனத் தலைவர் தியோடர் வெய்ல் என நான்கு இடங்கள் ஒரே தடத்தில் சேர்ந்தன. 1876இல் அடுத்த அறையிலிருந்த வாட்சனைக் கூப்பிட்ட அதே சொற்களால் பெல் மறுபடியும் அவரைக் கூப்பிட்டார். இப்போது வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றார் வாட்சன். வெளிநாட்டில் இருக்கும் மகன்கள் இன்றுவரை சொல்லிவரும் பதிலின் மூலப்பிரதி இதுவே. அந்தத் தடத்தில் பொதுமக்களுக்கு முதல் மூன்று நிமிடத்துக்குக் கட்டணம் 20 டாலர் 70 சென்ட். “அப்புறம், வேற என்ன?” என்ற கேள்வி அன்று யாருக்கும் கட்டுப்படியாகியிருக்காது.

நம் பக்கம் டிரங்க் கால் காலம் நீண்டது. எக்ஸ்சேஞ்சில் பதிவுசெய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட ஆள்தான் வேண்டுமென்றால் பி.பி. கால். ஆபரேட்டர் வழியின்றி நேராகச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கியது. அது மஞ்சள் பலகையும் கண்ணாடிக் கூண்டுமாகத் தெருமுனைக்கு வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும் என்பதால் சாப்பிட்டு முடித்துக் குடும்பத்தோடு கிளம்புவார்கள். ஒரு ஆள் நிற்கக் கட்டிய கூண்டில் நான்கு பேர், ரிசீவர் ஒன்று, தலைக்கு மேலே மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டிருக்கும். ரிசீவரைக் கைமாற்றும் அந்த இரண்டு நொடிக்கும் காசு ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அம்மா பேசும்போதே அடுத்த ஆளின் கை நீண்டிருக்கும். தமிழ்க் குடும்பங்களின் முதல் கான்ஃபரன்ஸ் அறை அந்தக் கூண்டுதான். அங்கே யாரும் “கேக்குதா?” என்று இரண்டாம் முறை கேட்டதில்லை.

யார் கணக்கு?

இலவச கான்ஃபரன்ஸ் கால் ஒரு தனித் தொழிலாகத் தழைத்தது அமெரிக்காவில், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில். கலிபோர்னியாவின் லாங் பீச்சில் 2001இல் தொடங்கிய ஃப்ரீகான்ஃபரன்ஸ்கால்.காம் அவற்றுள் பெயர்பெற்றது. ஒரு எண்ணை அழைத்து, ரகசிய எண்ணை அழுத்தினால் போதும். ஊர்ப்பட்ட பேர் சேர்ந்து பேசலாம். பைசா கேட்க மாட்டார்கள். இத்தகைய சேவைகளின் எண்களைக் கவனித்தால் ஒரு விசித்திரம் தென்படும். நியூயார்க்கும் சிகாகோவும் அல்லாமல், அயோவா, தெற்கு டகோட்டா மாநிலங்களின் கிராமப்புற எண்களாக அவை இருந்தன.

காரணம் இதுதான். தொலைதூர அழைப்பு ஒன்று ஒரு கிராமத்துத் தொலைபேசி நிறுவனத்தில் போய் முடிந்தால், அழைத்தவரின் தொலைதூர நிறுவனம் அந்தக் கிராமத்து நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று தர வேண்டும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஊரில் கம்பி இழுக்கச் செலவு கூடுதல் என்பதால் அங்கே அந்தக் கட்டணத்தை நகரத்தைவிட அதிகமாக வசூலிக்க விதிகள் இடம் கொடுத்தன. கிராமத்துக்கு நாலு போன் வந்தால் நாலு காசு வரும். நாலாயிரம் வந்தால்? அதற்கு ஊரில் ஆள் வேண்டுமே. ஆளுக்குப் பதில் ஒரு கான்ஃபரன்ஸ் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். நாடெங்குமிருந்து வந்த அழைப்புகள் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு அறையில் போய்ச் சேர்ந்தன. பேசியவர்கள் ஒருவரும் அந்த ஊர் எங்கே இருக்கிறதென்று கேட்கவில்லை. வசூலான காசைக் கிராமத்து நிறுவனமும் கான்ஃபரன்ஸ் சேவையும் பங்கு போட்டுக்கொண்டன. கட்டியவை பெரிய தொலைதூர நிறுவனங்கள். அவை நீதிமன்றத்துக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் நடையாய் நடந்தன. 2011இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது: வருமானப் பங்கீட்டு ஒப்பந்தமும் இருந்து, வெளியே போகும் அழைப்பைப் போல மூன்று மடங்கு உள்ளே வந்தால் அந்த ஊரைச் சந்தேகிக்கலாம். 2019இல் பிடி மேலும் இறுகியது. ஓர் ஊருக்கே காது மட்டும் இருந்து வாய் இல்லாமல் போவது சட்டத்தின் கண்ணில் பட்ட வேறு சந்தர்ப்பம் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தியாவில் இதற்கு இணையான ஒரு சிறு கட்டணம் இருந்தது. ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பேசினால், அழைப்பவரின் நிறுவனம் எடுப்பவரின் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பைசா. நிமிடத்துக்கு 14 பைசாவாக இருந்த இதை 2017 அக்டோபரில் 6 பைசாவாகக் குறைத்தார்கள். 2016 செப்டம்பரில் பேச்சுக்குக் காசே இல்லை என்று கடை விரித்த ஜியோ, 2019 அக்டோபரில் அந்த 6 பைசாவை வாடிக்கையாளர் தலையில் வைத்தபோது, ஓசி என்ற சொல்லின் உட்பொருள் பல வீடுகளில் ஒரே நாளில் விளங்கியது. 2021 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டணமே ஒழிந்தது.

இன்றைய செயலிகளின் கணக்கு வேறு. கூட்டத்தை 40 நிமிடத்தில் நறுக்கும் சேவை, மாம்பழக் கடையில் நாக்குக்குத் தரும் துண்டு போன்றது; அலுவலகங்கள் முழுப்பழம் வாங்குவதால் குடும்பங்களுக்குத் துண்டு கிடைக்கிறது. வாட்ஸாப்பை 2014இல் ஃபேஸ்புக் ஏறத்தாழ 1,900 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அத்தனை பணத்தைப் போட்டவர்கள் அத்தை மாமா பேசிக்கொள்ளட்டும் என்று போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் குடும்பக் குழு அழைப்பைப் பொறுத்தவரை இந்த விசாரணையை இங்கேயே நிறுத்துவது உலக வழக்கு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு கேட்டரிங் பில்லைக் கேட்பதில்லை.

வகைகள்

முதல் வகை, மெர்ஜ். ஒருவரை அழைத்து, அவரைக் காத்திருக்க வைத்து, அடுத்தவரை அழைத்து, இருவரையும் ஒட்டுவது. சாதாரண மொபைல் போனிலேயே இது முடியும். இணையம் வேண்டாம், செயலி வேண்டாம். பழைய ஜிஎஸ்எம் தரநிலைப்படி ஒருவர் ஐந்து பேரை ஒட்டலாம், ஆக மொத்தம் ஆறு பேர். ஆறு பேருக்குள் அடங்கும் குடும்பத்துக்கு, அனைவரும் இந்தியாவிலேயே இருந்து, ரீசார்ஜும் முடியாமல் இருந்தால், இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. குறை ஒன்றே. ஒட்டியவர் போனை வைத்தால் மொத்தக் கூட்டமும் கலையும். இந்த அதிகாரம் மூத்த மருமகன் கையில் போய்ச் சேரும் குடும்பங்களில் பிறர் குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் காணலாம்.

இரண்டாம் வகை, எண்ணை அழைத்து ரகசிய எண்ணை அழுத்தும் முறை. அயோவா முறை என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே சேவைதான் இலவசம், அந்த எண்ணுக்குப் பேசுவது இலவசமல்ல. அமெரிக்க எண்ணைக் கும்பகோணத்திலிருந்து அழைத்தால் அது ஐ.எஸ்.டி. பாட்டிக்கு இந்த முறை ஏன் பொருந்தாது என்பதற்கு அது மட்டும் காரணமல்ல. அழைத்ததும் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ரகசிய எண்ணை அழுத்தச் சொல்லும். பாட்டி மரியாதையாக “நான் கும்மோணத்துலேர்ந்து பேசறேன்மா” என்பார். குரல் அதையே மறுபடியும் சொல்லும். யாரோ பக்கத்திலிருந்து விளக்கிய பிறகு போனைக் காதிலிருந்து எடுத்தால், காதோடு ஒட்டியிருந்ததால் அணைந்த திரை மெதுவாகக் கண் விழிக்கும். எண் பலகையை எங்கே தொட்டு வரவழைப்பது என்று தேடும் நேரத்தில் அந்தப் பெண் நன்றி கூறி இணைப்பைத் துண்டித்துவிடுவாள். “நல்ல பொண்ணு, ஆனா அவசரம்” என்பது இந்த முறை பற்றிப் பாட்டிகள் தரப்பில் கிடைக்கும் மதிப்பீடு.

மூன்றாம் வகை, லிங்க். கூகுள் மீட், ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஜிட்சி ஆகியவை இதில் அடங்கும். ஜூமின் இலவசத் திட்டத்தில் 100 பேர் வரை, 40 நிமிடம். மீட்டில் 100 பேர், மூவர் முதல் 60 நிமிடம், அதிலும் 55ஆவது நிமிடத்தில் நேரம் முடியப்போகிறது என்ற எச்சரிக்கை. டீம்ஸும் அதே 60. ஜிட்சி, 2003இல் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் பயிற்சித் திட்டமாகத் தொடங்கித் திறந்த மூலமாக வளர்ந்தது. குடும்பத்தில் லினக்ஸ் பயன்படுத்தும் ஒரு பிள்ளை இருந்தால் இதன் பெயர் கட்டாயம் ஒருமுறை அடிபடும். முன்பெல்லாம் கணக்கே இல்லாமல் கூட்டம் போடலாம். 2023 ஆகஸ்டிலிருந்து கூட்டம் தொடங்குபவர் கணக்கோடு நுழைய வேண்டும். லிங்க் வகையின் பொதுப் பிரச்சினை, லிங்க்தான். குடும்ப குரூப்பில் அது விழுந்த ஐந்து நிமிடத்தில் அதன் மேல் மூன்று குட் மார்னிங் ரோஜாக்களும் ஒரு முருகன் படமும் வந்து மூடிவிடும். பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியே “லிங்க் அனுப்பு” என்று போடும் செய்திகள் அதை மேலும் ஆழத்துக்குத் தள்ளும்.

நான்காம் வகை, ரிங். எதிராளியின் போன் அடிக்கும், அவர் எடுப்பார். வாட்ஸாப் குழு அழைப்பு 2018இல் நான்கு பேருக்கென வந்தது. 2020 ஏப்ரலில் எட்டாகவும், குரல் அழைப்புக்கு 2022இல் 32 ஆகவும் உயர்ந்தது. நேர வரம்பு இல்லை. செய்தியைப் போலவே பேச்சும் முனைக்கு முனை மறையாக்கம் பெற்றது என்பார்கள். அது உண்மை, ஆனால் ஸ்பீக்கரில் போட்டு ஹாலில் வைத்துவிட்டுப் பேசும் வீட்டில் ரகசியம் கசிவது வழியில் இல்லை, முனையில்.

ஐந்தாவதாக ஸ்கைப்பைச் சொல்ல வேண்டும், காலஞ்சென்றவர் என்ற முறையில். 2003இல் பிறந்து, 2011இல் மைக்ரோசாஃப்டுக்கு 850 கோடி டாலருக்குப் போய், 2025 மே 5 அன்று மூடப்பட்டது. “ஸ்கைப்ல வா” என்று வினை போலப் பயன்பட்ட சொல். அமெரிக்காவில் பிறந்த பேரனை முதன்முதலில் அதில் பார்த்த தாத்தாக்கள் பலர். நீலப் பொத்தானை அழுத்தக் கற்ற அந்த வித்தை இன்று வேறெங்கும் செல்லாது. இலவசச் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் ஆயுளும் கணக்கில் வர வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஒலியியல்

தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயரின் உயிரொலி தன் மாத்திரையைக் கடந்து நீளும் என்பதைத் தொல்காப்பியம் விளிமரபிலேயே குறித்திருக்கிறது. பின்னர் வந்தோர் அண்மை விளி, சேய்மை விளி என்று பிரித்தும் சொன்னார்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டோர் போனில் இந்த இலக்கணத்தை வழுவாமல் கடைப்பிடிக்கிறார்கள். திருச்சிக்குப் பேசும் குரல் ஒன்று, துபாய்க்கு அதைவிட ஒரு படி மேல், கனடாவுக்கு முழுத் தொண்டை. மைக்ரோபோன் வாயிலிருந்து நான்கு அங்குலத்தில்தான் இருக்கிறது என்று எடுத்துச் சொல்வதில் பயனில்லை. அவர்கள் மைக்கோடு பேசவில்லை, கனடாவோடு பேசுகிறார்கள்.

தூரம் உண்மையிலேயே ஒரு வேலை செய்கிறது, ஆனால் சத்தத்தில் அல்ல, தாமதத்தில். சென்னைக்கும் டொரான்டோவுக்கும் இடையே நேர்த்தடமே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும் என்று கொண்டால், வளைவு நெளிவு இல்லாத வழியிலேயே 65 மில்லிநொடி. கடலடிக் கேபிள்கள் நேராகப் போவதில்லை. அதோடு குரலைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, மறுமுனையில் பிரித்து விரிக்கும் நேரமும் சேரும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க மனிதர்கள் விடும் இடைவெளியோ சராசரியாக 200 மில்லிநொடி அளவில்தான். போய்வர 300 ஆனால், நாம் பேசி முடித்த பிறகு வரும் மௌனத்தை எதிராளிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறோம். அதே கணத்தில் அங்கிருந்தும் குரல் வருகிறது. இருவரும் நிறுத்துகிறார்கள். “நீங்க சொல்லுங்க.” “இல்ல, நீங்க சொல்லுங்க.” இதைப் பண்பாடு என்று கருதுவோர் உண்டு. பெரும்பகுதி இயற்பியல்.

எதிரொலி தனி அத்தியாயம் கேட்கும். எளிய விதி ஒன்றைச் சொன்னால் போதும்: எதிரொலி யாருக்குக் கேட்கவில்லையோ, அவரிடமிருந்துதான் வருகிறது. அவருடைய ஸ்பீக்கரிலிருந்து வரும் பிறர் குரல் அவருடைய மைக்கிலேயே விழுந்து திரும்பிப் போகிறது. எல்லோருக்கும் தத்தம் குரல் இரண்டு முறை கேட்கிறது, அவருக்கு மட்டும் எல்லாம் துல்லியம். “எனக்கு நல்லாத்தானே கேக்குது” என்று யார் சொல்கிறாரோ அவரைப் பிடித்து மியூட்டில் போட வேண்டும். நடைமுறையில் அவர் பெரும்பாலும் பெரியப்பாவாக இருப்பதால் எதிரொலி நீடிக்கிறது.

காலக் கணிதம்

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம். வீட்டை விற்பது பற்றிப் பேச ஆகாது. ஆறரைக்குத் தொடங்கலாம். இந்தியாவில் மாலை 6.30 என்றால் கோடையில் டொரான்டோவில் காலை 9, லண்டனில் பிற்பகல் 2, சிங்கப்பூரில் இரவு 9, சிட்னியில் இரவு 11. டொரான்டோக்காரர் பல் விளக்கிக்கொண்டு பேசுவார். சிட்னிக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டு. நவம்பரில் கனடாவின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போய் அங்கே காலை 8 ஆகும். அதற்குள் ஆஸ்திரேலியாவின் கடிகாரம் முன்னே போய் சிட்னியில் நள்ளிரவு 12 ஆகியிருக்கும். ஐரோப்பா மாறுவது அக்டோபர் கடைசி ஞாயிறு, வட அமெரிக்கா மாறுவது நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட வாரத்தில் எந்தக் கணக்கும் நிற்காது. சிட்னியில் இருக்கும் தம்பிக்கு ஊர் ராகுகாலமா, சிட்னி ராகுகாலமா என்ற கேள்வியை எழுப்பியவர்களும் உண்டு. ராகுகாலம் அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை ஒட்டியது என்பதால் கேள்வி நியாயமானதே. ஆனால் எல்லா ஊர் ராகுகாலத்தையும் விலக்கினால் வாரத்தில் பேச நேரமே மிஞ்சாது.

நேரம் கிடைத்தபின் அது எப்படிச் செலவாகிறது என்பதும் தேர்வுக்கு உதவும். எட்டுப் பேர் சேர்ந்த அழைப்பில் ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரைச் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் மொத்தம் 56 கேள்விகள். பதிலையும் சேர்த்து ஒன்றுக்கு 15 நொடி என்றால் 14 நிமிடம். என்ன சாப்பாடு என்ற துணைக்கேள்வி இதில் சேரவில்லை. தாமதமாக நுழையும் ஒவ்வொருவருக்கும் சுற்று புதிதாகத் தொடங்கும். “கேக்குதா” வகைக்கு ஐந்தாறு நிமிடம். யாரோ வீடியோவை ஆன் செய்ய, எல்லோரும் அவர் வீட்டு மின்விசிறியைப் பார்த்தபடி “கேமராவைத் திருப்புங்க” என்று சொல்வதற்கு மூன்று. 40 நிமிடச் சேவையில் வீட்டின் பெயர் முதன்முதலாக உச்சரிக்கப்படுவது 30ஆவது நிமிடத்துக்கு மேல்தான். விலை என்ன சொல்கிறார்கள் என்று யாரோ கேட்கும்போது திரை மூடிக்கொள்ளும். இதைக் குறையென்று சொல்வோர் குடும்ப அமைப்பை அறியாதவர்கள். கோபம் வருமுன் கூட்டத்தைக் கலைக்கும் நடுவர் வேறு யார் இருக்கிறார்? 2020 நவம்பர் 26 அன்று, அமெரிக்க நன்றி நவிலல் நாளுக்காக, ஜூம் இந்த 40 நிமிட வரம்பை நீக்கியது. நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

தேர்வு

வழக்கமான முறை, ஐ.டி.யில் இருக்கும் மாப்பிள்ளை வசதிகளை ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரித்துக் குரூப்பில் போடுவது. அதைக் கட்டைவிரலால் அங்கீகரித்துவிட்டு யாரும் படிப்பதில்லை. வசதிகளைக் கூட்டிப் பார்ப்பதைவிடக் குடும்பத்தில் மிகக் குறைவாகத் தொழில்நுட்பம் அறிந்தவர் எதில் வந்து சேர்வார் என்று பார்ப்பதே சரியான அளவுகோல். சங்கிலியின் உரம் பாட்டியில். அவருக்குத் தெரிந்த ஒரே செயல், அடித்தால் எடுப்பது. எனவே, வெளிநாட்டில் ஆள் இருந்தால் கட்டுப்படியாகாத மெர்ஜையும் சேர்த்து, நான்காம் வகையைத் தவிர மற்றவை முதல் சுற்றிலேயே விழுகின்றன. டேட்டா பற்றிய கவலையும் வேண்டியதில்லை. நொடிக்கு 32 கிலோபிட் குரலோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் 15 எம்.பி.க்குள்தான். பேரன் ஒரு ரீல்ஸ் பார்க்கும் கணக்கு.

பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தா எஞ்சுகிறார். அவருக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கூட்டத்தில் இருக்கும் ஒருவர் இன்னொரு போனிலிருந்து அவரைச் சாதாரணமாக அழைத்து, இரண்டு போன்களையும் ஸ்பீக்கரில் போட்டு, ஒன்றின் வாய் மற்றதன் காதில் படும்படி தலைகீழாகச் சேர்த்துச் சாப்பாட்டு மேஜையில் படுக்க வைக்கிறார். நழுவாமலிருக்க எவர்சில்வர் டம்ளர் ஒன்று முட்டுக்கொடுக்கும். இதே தத்துவத்தில்தான் பழைய மோடம்கள் ரிசீவரை இரண்டு ரப்பர் கிண்ணங்களில் கவிழ்த்து வேலை செய்தன. பொறியியலில் அதற்கு அக்கவுஸ்டிக் கப்ளர் என்று பெயர். டம்ளரைப் பற்றி அங்கே குறிப்பில்லை.

கடைசி நிபந்தனை, கூட்டம் முடியும் விதம் பற்றியது. தமிழில் போனை யாரும் உடனே வைப்பதில்லை. “சரி”, “சரி அப்புறம்”, “வேற?”, “வேற ஒண்ணுமில்ல”, “வச்சிடட்டுமா?”, “சரி வச்சிடு” என்று ஆறு படிகள் இறங்க வேண்டும்; எட்டுப் பேர் இறங்க நேரம் பிடிக்கும். மெர்ஜில் ஒட்டியவர் வைத்தால் எல்லோரும் போய்விடுவார்கள். ஜூமில் கூட்டியவர் எல்லோருக்குமாகச் சேர்த்து முடித்துவிடலாம், இல்லாவிட்டால் 40ஆவது நிமிடம் முடிக்கும். வாட்ஸாப்பில் அப்படியில்லை. ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிச்சமிருப்பவர்களுக்கு இணைப்பு அப்படியே இருக்கும். சிட்னி தூங்கப் போகும். டொரான்டோ டிபன் சாப்பிடப் போகும். பெரியப்பா “எல்லாரும் யோசிச்சுச் சொல்லுங்க” என்று போவார். இறுதியில் அக்காவும் தங்கையும் மட்டும் லைனில் மிஞ்சுவார்கள். “போயிட்டாங்களா?” “எல்லாரும் போயாச்சு.” வீட்டை யாருக்கு, என்ன விலைக்கு, எந்த மாதம் கொடுப்பது என்பது இதற்குப் பிறகு பேசப்படுகிறது.

இந்த இருவரைத் துண்டிக்காத சேவையே தேர்வுக்குரியது. அவர்கள் பேசி முடிக்க வழக்கமாக ஒன்றே கால் மணி நேரம் ஆகும்.